பம்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடுங்கள்

மலையகத்தில் கிளை திறந்து வாகனக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்கும், அவர்களுக்காகச் சேதம் பார்க்க வரும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம். நான் தலவாக்கலையில் ஒரு சுசுகி எவ்ரி வேன் ஓட்டுகிறேன். காலையிலும் மதியமும் பாடசாலைப் பிள்ளைகள், இடையில் கிடைக்கிற ஹயர், அதாவது வாடகை ஓட்டம். சட்டத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி இருந்தால் போதும். ஆனாலும் நான் என் வண்டிச் சேதத்துக்கும் காசு தரும் புல் இன்சூரன்ஸ்தான் போடுகிறேன். வேன் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பத்தனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். டெவோன் தாண்டி ஒரு வளைவு, நல்ல பனிமூட்டம். எதிரே வந்த மரக்கறி லொறி என் பக்கத்துக்கே வந்துவிட்டது. நான் ஒடித்து மண்மேட்டில் முட்டினேன். லொறிக்காரர் நிற்கவே இல்லை. எனக்குக் காயமில்லை, வண்டியில் பிள்ளைகளும் இல்லை.

உங்கள் ஆள் மூன்று மணிநேரத்துக்குள் வந்துவிட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். சுற்றி வந்து போனில் ஆறேழு படம் எடுத்தார். பம்பரை இரண்டு தட்டு தட்டினார். ஒரு ஹெட்லைட், கொஞ்சம் டிங்கரிங், பெயிண்ட், எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. “சின்ன அடிதானே தம்பி, இப்பவே சரி என்றால் இரண்டு நாளில் காசு வந்துவிடும்” என்றார். கையெழுத்துப் போட்டேன். படிவம் முழுக்க ஆங்கிலம். இதுவே முழுமையான, இறுதியான தீர்வு என்று நான் ஒப்புக்கொண்டதாக அதில் ஒரு வரி இருந்ததை, இரண்டு வாரம் கழித்து மகள் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். இலங்கையில் தமிழ் அரசகரும மொழியானது 1987இல். கம்பனிப் படிவத்துக்கு அந்தச் சங்கதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பம்பர் பிளாஸ்டிக். அடி வாங்கி உள்ளே போகும், பிறகு தானே பழைய இடத்துக்கு வந்து நின்றுகொள்ளும். வெளியே இரண்டு கீறல்தான் தெரியும். பின்னால் இருக்கும் இரும்புத் தகடு அப்படித் திரும்பி வராது. என் வண்டியில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் விரல் அகலத்துக்கு உள்ளே வளைந்திருந்தது. ரேடியேட்டரின் ஓரத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. நிறுத்தி வைத்தால் சொட்டுக்கூட விழாது. எஞ்சின் சூடேறி அமுக்கம் கூடினால்தான் கசியும்.

சமதரையில் என்றால் அந்தக் கசிவோடு பல நாள் ஓட்டியிருக்கலாம். இங்கே தலவாக்கலை ஏறக்குறைய 4,000 அடியில், நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது சூட்டுமுள் மேலே போனது. ஓரங்கட்டிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர். கராஜ் பாஸ் பம்பரைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், “இதைப் பார்க்காமலா எஸ்டிமேட் எழுதினாங்க?” என்று கேட்டார். முதலில் எழுதிய வேலையோடு ரேடியேட்டர், சட்டம், ஏசி கண்டென்சர், கூலி எல்லாம் சேர்த்து 126,000 ரூபா. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய சாமான் வாங்கியும் இந்தத் தொகை. போய்வந்த நாளின் ஹயர் தனிக்கணக்கு. உங்களிடம் கேட்டால் வந்த பதில் ஒன்றுதான்: “கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே.”

எங்கள் ஆட்கள் எல்லோரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. பழைய கீறலைப் புது விபத்தில் சேர்த்துக் கேட்பவர்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் அதுவும் பிடிபடுமே! பழைய வளைவில் துருவும் சேறும் இருக்கும், புதிய வளைவில் இரும்பு பளிச்சென்று தெரியும். உங்கள் காசும் அதில்தான் மிஞ்சும்.

இன்னொன்று, பெறுமதிக் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, கார், வேன் எல்லாம் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய வண்டி விலை எங்கேயோ போய்விட்டது. என் பொலிசியில் மட்டும் பழைய தொகை. 40 இலட்சம் பெறுமதியான வண்டியை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 80,000 ரூபா சேதத்துக்கு 60,000தான் தருவீர்கள். குறைகாப்புறுதி என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க வரும் ஏஜென்ட் தம்பி தேநீர் குடித்து, கலண்டர் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த விதியை ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை என்று எனக்கும் தெரியும். முதலில் உங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதால் தனியாக ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். இந்த மடல், நீங்கள் தந்த 38,000 போக என் கையிலிருந்து போன 88,000 ரூபாவுக்காக மட்டும் எழுதியதல்ல. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்த ஸ்டாண்டில் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை கிடைக்கும்.

முன்பக்கம் அடிபட்ட வண்டிக்கு, கழற்றிப் பார்க்கும்வரை இறுதித் தீர்வு என்று கையெழுத்து வாங்காதீர்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் முற்பணம் தந்தால் வாங்கிக்கொள்கிறோம், மிச்சக் கணக்கைக் கராஜில் வைத்துப் பேசலாம். எந்தச் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, தேய்மானம் என்று வெட்டியது எவ்வளவு என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

எவ்ரி பம்பரைக் கழற்ற பத்து நம்பர் சாவியும் ஒரு ஸ்க்ரூட்ரைவரும் போதும். அரைமணி நேர வேலை. இரண்டும் இப்போது என் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கின்றன.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு பாடசாலை வேன் சாரதி