ஹான் தோங்-இல்: மேடைக்குப் பிந்தைய ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹான் தோங்-இல் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். 2024 டிசம்பர் 29 அன்று தம் 83ஆம் வயதில் மறைந்த அவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு முதலில் என் நன்றி. மேற்கத்தியச் செவ்விசை குறித்துத் தமிழில் வரும் எழுத்தே சொற்பம். அதில் ஆசியக் கலைஞர் ஒருவருக்கு இத்தனை இடம் கிடைப்பது அரிது. இருந்தாலும் கட்டுரையின் பங்கீடு எனக்கு ஆழ்ந்த மனக்குறையைத் தந்தது. போர்க்காலச் சிறுவனின் கதைக்கும் 1965ஆம் ஆண்டுப் பரிசுக்கும் பெரும்பகுதியை ஒதுக்கிய கட்டுரையாளர், அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவர் பல்கலைக்கழகங்களில் கற்பித்ததை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். பியானோ கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த ஒற்றை வாக்கியத்துக்குள்தான் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிறுவனின் கதை உருக்கமானது என்பதில் ஐயமில்லை. 1941இல் இன்றைய வட கொரியாவிலுள்ள ஹம்ஹுங் நகரில் பிறந்து, இசைக்கலைஞரான தந்தையிடம் பியானோவைத் தொடக்கம் செய்து, குடும்பத்தோடு தெற்கே வந்து, ஒன்பதே மாதங்களில் சியோல் நகரம் நான்கு முறை கைமாறிய கொரியப் போரை அந்தப் பிள்ளை கண்டது. அமெரிக்க ஐந்தாம் விமானப்படையின் தளபதி சாமுவேல் ஆண்டர்சன் அச்சிறுவனின் வாசிப்பைக் கேட்டு வியந்து, படையினரிடையே நிதி திரட்டி 1954இல் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். இவற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அக்காலத்தின் நிலையையும் இரண்டு வரிகளில் சேர்த்திருக்கலாம். அன்றைய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கொரியாவுக்கு ஒதுக்கியிருந்தது ஆண்டுக்கு 100 இடங்கள் மட்டுமே. இன்று உலகெங்கும் அறியப்பட்ட யங் சாங், சாமிக் என்னும் கொரியப் பியானோ நிறுவனங்கள் அவர் புறப்பட்டுப் போன பிறகே, முறையே 1956இலும் 1958இலும் தொடங்கப்பட்டன. பியானோ செய்யும் தொழில் வேரூன்றாத ஒரு நாட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் போனவர் அவர் என்று தெரிந்தால்தான், அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் எவ்வளவு தொலைவு நடந்தன என்பது வாசகருக்குப் புரியும்.

நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் அவருக்கு வாய்த்த குரு ரோசினா லெவின் என்பதைக் கட்டுரை பெயரளவில் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த அம்மையாரைப் பற்றிக் கூடுதலாக அறியாமல் ஹானின் பிற்கால வாழ்க்கையை விளங்கிக்கொள்வது கடினம் என்று நினைக்கிறேன். 1880இல் கீவ் நகரில் பிறந்து, மாஸ்கோ இசைக்கல்லூரியில் 1898இல் தங்கப்பதக்கம் பெற்ற ரோசினா, கணவர் யோசெஃப் லெவின் புகழ்பெற்ற பியானோ கலைஞராக இருந்த காரணத்தால், தனிக்கச்சேரி மேடையிலிருந்து தாமாகவே விலகி நின்றவர். கணவரோடு இரட்டைப் பியானோ வாசிப்பதும் மாணவர்களைத் தயார் செய்வதுமே நெடுங்காலம் அவருடைய இசை வாழ்க்கையாக இருந்தது. 1944இல் கணவர் இறந்த பிறகு ஜூலியார்டில் அவரது ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, வான் கிளைபர்ன், ஜான் பிரவுனிங் போன்ற பியானோ கலைஞர்களை உருவாக்கினார். பின்னர் 1963 ஜனவரியில், தம் 82ஆம் வயதில், லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஷோபானின் முதலாம் பியானோ கன்செர்ட்டோவை, அதாவது தனிக்கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, வாசித்தார். அத்தனை ஆண்டுகள் கற்பித்த கைகளில் இசை வற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்போது ஹானுக்கு 21 வயது. தம் குருவின் வாழ்க்கையில் கற்பித்தலும் கச்சேரியும் ஒரே இசையின் இரண்டு வேலைகளாக இருந்ததைக் கண்முன்னே பார்த்தவர் அவர்.

அமெரிக்காவில் பியானோவுக்கும் வயலினுக்கும் நடந்த லெவென்ட்ரிட் போட்டியின் பரிசைப் பற்றியும் ஒரு குறிப்பு. 1965இல் ஹான் அதை வென்றதன் மூலம் பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்ற முதல் கொரியர் ஆனார். கட்டுரையாளர் இதை அழுத்திச் சொன்னது நியாயமே. அந்தப் போட்டி எத்தனை கண்டிப்பானது என்பதையும் சொல்லியிருந்தால் பெருமை இன்னும் துலங்கியிருக்கும். தகுதியானவர் இல்லை என்று நடுவர்கள் கருதினால் முதற்பரிசை யாருக்குமே கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். வென்றவருக்குக் கிடைத்த உண்மையான பரிசு, அமெரிக்காவின் முன்னணி இசைக்குழுக்களோடு வாசிக்கும் வாய்ப்புதான். இரண்டு ஆண்டுகள் கழித்து வயலினுக்கான போட்டியில் கொரியாவின் சுங் கியுங்-வா, பிங்கஸ் ஸுகர்மனோடு அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஹான் பிற்பாடு இந்தியானா, வடக்கு டெக்சாஸ், இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம், பாஸ்டன் என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகக் கற்பித்ததை, பரிசு பெற்றவரின் மங்கிய பிற்பகுதி போலக் கட்டுரை காட்டுகிறது. அமெரிக்க இசை வாழ்வில் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு இருந்த இடத்தை அறிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ப்ளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழக இசைப்பள்ளியை, 1947இல் முதல்வராகப் பொறுப்பேற்ற வில்ஃப்ரெட் பெய்ன் உலகின் மிகப்பெரிய இசைப்பள்ளிகளுள் ஒன்றாக வளர்த்தெடுத்தார். அதற்கு முன் டெண்டன் நகரின் வடக்கு டெக்சாஸ் இசைத்துறையை வளர்த்தவரும் அவரே. செல்லோ மேதை யானோஷ் ஸ்டார்க்கர், பியானோவில் ஜ்யோர்ஜ் ஷெபோக், மெனாஹெம் பிரெஸ்லர் போன்றோர் கச்சேரிகளுக்கு ஊர் ஊராகப் பறந்துகொண்டே ப்ளூமிங்டனில் வகுப்பும் எடுத்தவர்கள். சோளக்காட்டு மாநிலம் ஒன்றின் சிறு நகரத்தில் இத்தகையவர்கள் கூடியிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. அத்தகைய இடத்துக்கு ஆசிரியராக அழைக்கப்படுவது கலைஞனுக்குக் கிடைக்கும் மரியாதை. ஹானும் ஆசிரியரானதோடு வாசிப்பதை நிறுத்திவிடவில்லை.

வகுப்பு என்றால் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பல்கலைக்கழக ஆசிரியரின் அறையில் பெரும்பாலும் இரண்டு பியானோக்கள் அருகருகே இருக்கும். மாணவர் கன்செர்ட்டோ ஒன்றைப் படிக்கும்போது தனிப் பகுதியை அவர் வாசிக்க, இசைக்குழுவின் பகுதி முழுவதையும் ஆசிரியர் மற்றொரு பியானோவில் வாசிப்பார். இந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. குழல் கருவிகள் எங்கே மூச்சு வாங்கும், அந்த மூச்சுக்காகத் தனிக்கலைஞர் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும், தாழ்ந்த சுருதித் தந்திக் கருவிகளின் ஒலியின் மீது இடக்கையை எவ்வளவு இலேசாக வைக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரிய இசைக்குழுக்களோடு மேடையில் நின்றவரால்தான் விரல்களால் சொல்லிக்கொடுக்க முடியும். மாணவரின் தோள் எந்த இடத்தில் இறுகுகிறது, மணிக்கட்டு எங்கே முறுக்கிக்கொள்கிறது, ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து காலை எடுக்கத் தாமதித்ததால் எந்தச் சுரம் அடுத்த சுரத்தோடு கலங்கிப்போனது என்று வாராவாரம் பொறுமையாகக் கேட்டுத் திருத்த வேண்டும். இதற்குக் கைதட்டல் கிடையாது. விமர்சனமும் மறுநாள் நாளிதழில் வராது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடும் கென்னடியின் வெள்ளை மாளிகையிலும் வாசித்த ஒருவர் இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தார் என்பதே அவருடைய வாழ்க்கை வரலாற்றின் மையம் என்று நான் கருதுகிறேன்.

கொரியப் பியானோ கலை இன்று நிற்கும் உயரத்துக்குப் போட்டி வெற்றிகளை மட்டும் காரணமாகக் காட்டுவதும் முழு விளக்கமாகாது. 2022இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 18 வயது இம் யுன்-சான், வான் கிளைபர்ன் பெயரில் நடக்கும் பியானோ போட்டியின் வரலாற்றிலேயே மிக இளைய வெற்றியாளராக ஆனதை உலகமே கொண்டாடியது. அவருடைய ஆசிரியர் ஸோன் மின்-சூ. அந்த ஸோன், பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்னும் இசைக்கல்லூரியில் ரஸ்ஸல் ஷெர்மனிடமும் அவருடைய துணைவியார் பியூன் வா-கியுங்கிடமும் பயின்றவர். கொரியாவிலிருந்து வந்து பாஸ்டனிலேயே தங்கிக் கற்பித்தவர் பியூன். மாஸ்கோவில் நடந்த 1994ஆம் ஆண்டுச் சாய்கோவ்ஸ்கி போட்டியில் பரிசு பெற்ற பெய்க் ஹே-சுன்னும் இத்தம்பதியின் மாணவியே; அவரும் பின்னாளில் அதே கன்சர்வேட்டரியில் ஆசிரியரானார். கர்நாடக இசையில் ஒரு பாடகரின் பெயரோடு அவருடைய குருவின் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகிய நமக்கு, இந்த வரிசை எளிதில் விளங்க வேண்டும். ஹானின் மாணவர் மரபு இதிலிருந்து வேறுபட்டது. ஆயினும் அமெரிக்க வகுப்பறைகளில் கொரிய ஆசிரியர் ஒருவர் அமர்வது இயல்பான காட்சி ஆவதற்கு முன்பே அங்கே போய் அமர்ந்த தலைமுறை அவருடையது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட இன்னொன்று, அவருடைய திரும்புதல். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகள் கழித்த பிறகு அவர் கொரியாவுக்கு வந்து உல்சான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். முதுமையில் கொரியக் குடியுரிமையையும் மீண்டும் பெற்றுக்கொண்டார். ஓய்வெடுக்க வந்தவராக அவர் வரவில்லை. சியோலின் புகழ்பெற்ற கல்லூரிகளை நாடாமல், கப்பல் கட்டும் தளங்களும் கார் ஆலைகளும் நிறைந்த ஒரு தொழில் நகரத்தின் மாணவர்களுக்குக் கற்பிக்க வந்தார் என்பது என் மனத்தைத் தொடுகிறது.

இவ்வளவு எழுதியதால் கட்டுரையாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். கட்டுரை இனி நூலிலோ தொகுப்பிலோ சேர்க்கப்படுமானால், ரோசினா லெவினிடம் கற்ற ஆண்டுகளையும் ப்ளூமிங்டன் தொடங்கி உல்சான் வரையிலான ஆசிரியப் பணியையும் விரித்து எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயன்றால் பியூன் வா-கியுங் போன்ற ஆசிரியர்களைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றையும் தாங்கள் வெளியிட வேண்டும். போட்டியில் வென்ற மாணவர்களின் படங்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். அவர்களுக்குக் கற்பித்தவர்களைப் பற்றியும் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பியானோ ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி