தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ள முடியாமல் போன மற்றவர்களுக்கும் வணக்கம்.

2020 ஜூனில், அப்பாவுக்குக் கொரோனா என்று எங்கள் வாசலை மாநகராட்சி தகரம் அடித்து அடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டிருந்த நேரம். அப்பா அரசு மருத்துவமனையில் இருந்தார். அம்மாவும் நானும் தகரத்துக்கு உள்ளே.

நீங்கள் பயமே இல்லாதவர்கள் என்று புகழப் போவதில்லை. உங்கள் பயத்தை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பால்காரத் தம்பி பாக்கெட்டை முக்காலியில் வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடுவார். தெருமுனைக்குப் போனதும் நின்று, நாங்கள் எடுத்துவிட்டோமா என்று திரும்பிப் பார்ப்பார். மாடி வீட்டு அக்கா கயிற்றில் கட்டி ரசமும் சாதமும் இறக்குவார். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னது பயத்தால்தான். மறுநாளும் வேறொரு பாத்திரம் இறங்கி வந்ததே, அதற்கு என்ன பெயர் வைப்பது? மஞ்சள் பையில் எங்கள் குப்பையை வாங்கிப் போன தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. தள்ளி நின்றுதான் பேசுவார். ஆனாலும் "சாப்டியாம்மா?" என்று கேட்காமல் போனதில்லை.

ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள்மேல் வருத்தமில்லை. ஆம்புலன்ஸில் அப்பா ஏறும்போது செல்போனில் படம் எடுத்தவர்மேல் மட்டும் இன்னும் கோபம் இருக்கிறது. சரி, இது நன்றிக் கடிதம், அதை விடுங்கள்.

அப்பா இறந்தபோது எங்களுக்கு இருந்த பெரிய பயம், தகனம் செய்ய விடுவார்களா என்பதுதான். அந்த ஏப்ரலில் இதே ஊரில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்திருந்தார்கள். அப்படித் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

மயானத்துக்கு என் தம்பி மட்டும் போனான். முகத்தைப் பார்க்க முடியாது என்றே எங்களிடம் பலரும் சொல்லியிருந்தார்கள். உண்மையில், ஊழியர்களே பையின் முகப்பகுதியைத் திறந்து காட்டலாம் என்று விதியில் இருந்தது. அதைத் தெரிந்து வைத்திருந்தவர் அங்கே வேலை செய்த ஒரு அண்ணன்தான். கவச உடைக்குள் வியர்த்துக் கொட்ட, வெளியே அடுத்த வண்டி காத்திருக்க, அவர் ஜிப்பை இறக்கிவிட்டுத் தம்பியின் வீடியோ காலுக்காக நின்றார். படம் உறைந்து உறைந்து வந்தது. "சிக்னல் வரட்டும், அம்மா நல்லா பாக்கட்டும்" என்றார். அப்புறம் தம்பி கொண்டுபோயிருந்த அரிசியைப் பார்த்துவிட்டு, "நீங்க தொடக் கூடாது. யார் யார் பேர்லன்னு சொல்லுங்க, நான் போடறேன்" என்றார். அம்மா பேரில், தம்பி பேரில், என் பேரில் என்று தனித்தனியாக வாய்க்கரிசி போட்டார். அப்பாவை அவர் ஒரு தடவைகூட 'பாடி' என்று சொல்லவில்லை. 'ஐயா' என்றேதான் சொன்னார்.

அண்ணா, தம்பி கொடுத்த பணத்தை நீங்கள் வாங்கவில்லை. உங்கள் முகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை யாராவது உங்களிடம் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

ஜூனில் அப்பாவின் நினைவு நாளன்று வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அண்ணன், பால்காரத் தம்பி, மாடி வீட்டு அக்கா, தூய்மைப் பணியாளர் அம்மா எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். குழந்தையையும் கூட்டி வாருங்கள். வாசலோடு போய்விடக் கூடாது. உள்ளே வந்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ரசம் அம்மா வைக்கிறார். அக்கா, உங்கள் பாத்திரங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அன்றைக்கு எடுத்துப் போங்கள்.