ஆண்டறிக்கை 2024–25: கொடைக்கானல் ஏரியும் அதன் சரிவுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் பெற வேண்டிய அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய, நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சங்கம் இதை வரவேற்றது. ஆனால் வண்டியை எண்ணுவதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. வண்டி மறுநாள் இறங்கிவிடும், காட்டேஜ் இங்கேயேதான் இருக்கும்.

இந்த ஆண்டு நம் கவனமெல்லாம் ஓடைகள் மேல்தான். நம் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், சதுப்பில் ஓடிய ஓடைகளை மறித்துக் கரை கட்டியதால் உண்டானது. ஓடை இருந்தால்தான் ஏரி. கரையோரத்தில் மட்டும் காவல் நின்று பயனில்லை. மேலே சரிவில் நடப்பதெல்லாம் இறங்கி வந்து சேரும் இடம் இது. இங்கே நிரம்பி வழிவதுதான் வெள்ளி அருவியாக விழுகிறது.

ஐப்பசி மழையில் நம் உறுப்பினர்கள் ஓடைகளின் வழியே மேலே நடந்து பார்த்தார்கள். ஓரிடத்தில் ஜேசிபி வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய முகத்தில் நாலைந்து இடத்தில் ஊற்று கசிந்து, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. அதற்குக் கீழே ஒரு காம்பவுண்டுச் சுவரின் அடியில், புதர் மறைவில், நாலு அங்குல பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்கின் வழிநீர். மழை பிடித்ததும் திறந்துவிட்டால் வெள்ளத்தோடு போய்விடும் என்ற கணக்கு. படங்களோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கினோம். நினைவூட்டலும் அனுப்பியாகிவிட்டது. பதில் வரும்வரை விடப்போவதில்லை.

புதுச் சுவர்களால் இன்னொரு தொல்லை. காட்டுமாடுகள் வழக்கமாகப் போன தடம் அடைபட்டு, இருட்டியதும் தார்ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதை அது. முள்வேலியும் சுவரும் எழுப்புமுன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி எல்லாரையும் வேண்டிக்கொள்கிறேன்.

செயற்குழுவில் அதிகம் விவாதித்தது நம் சொந்த விஷயம். உறுப்பினர்களில் சிலர் வீட்டையே வாடகைக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், பராமரிப்புக்குப் பணம் வேண்டும். அதில் தவறு காண முடியாது. ஆனால் நாலு பேருக்குக் கட்டிய டேங்க், விடுமுறையில் பதினைந்து பேரைத் தாங்காது. வாடகைக்கு விடுகிறவர்கள் முறையாக அனுமதி பெற வேண்டும், சீசனுக்கு முன் டேங்கைச் சுத்தம் செய்து அதன் ரசீதைச் சங்கத்தில் காட்ட வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. ஒரு வாக்கு என்னுடையது; ஆதரவாகவே போடுவேன்.

2019இல் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தபோது, ரூம் பாய் முதல் சமையல்காரர் வரை வேலையிழந்து நின்றதைப் பார்த்தோம். கட்டி முடித்தபின் பூட்டுவதைவிட, அஸ்திவாரம் தோண்டும்போதே தடுப்பது எல்லாருக்கும் நல்லது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்த 1993 மாஸ்டர் பிளானில் தங்கள் நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் இடம் வாங்குகிறார்கள், புரோக்கர் சொல்வதை நம்பி. அந்த வரைபடத்தைத் தமிழ் விளக்கத்தோடு சங்க அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம். வாங்குகிறவர், விற்கிறவர் யார் வந்தாலும் பார்க்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்தினால் ஓடை நீர்ப் பரிசோதனைக்கு உதவும். மழையில் நனைந்து நடந்த இளைஞர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்