அம்பாசடருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம்

பான்டியாக், மிச்சிகன்
6.4.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நலம். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அண்ணன் போனில் மூன்று நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டிய சமாச்சாரத்தை நாலு பக்கம் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பியிருக்கிறீர்கள். மஞ்சளைப் பார்த்ததுமே பாப்பா சீர் விஷயம்தான் என்று தெரிந்துவிட்டது. உறையை உடனே பிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் பிரித்தேன். அம்பாசடருக்குப் பெயிண்ட் அடித்து விற்றுச் சீரை முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு நான் ஒழுங்காகப் பேசவே இல்லை என்று இருக்கும் வரி அம்மா சொல்லி நீங்கள் எழுதியது, எனக்குத் தெரியும். வேலை அதிகம் என்று எழுத வந்தேன். அதை விடுங்கள். இனி வாரம் ஒருமுறை பேசுகிறேன்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா நம்ப வேண்டும். வாரம் இரண்டு நாள் பச்சைப்பயறு கடைகிறேன், கொள்ளு ரசம் வைக்கிறேன். முருங்கைக்காய் மட்டும் விறகு மாதிரி உறைந்துபோய் பாக்கெட்டில் வருகிறது, வேக வைத்தால் நார்தான் மிச்சம். சந்தகை ஆசை வந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஏப்ரல் பிறந்தும் நேற்றுக் காலையில் வாசலில் பனி. நீங்கள் அங்கே மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கிறீர்களாம், அண்ணி சொன்னது.

ட்ராய் ஊரிலிருந்து வீடு மாறினேன் என்று போனில் சொன்னபோது ஏன் என்று கேட்டீர்கள். இந்த ஊரில் பராசக்தி கோயில் இருக்கிறது, கோயிலுக்குப் பக்கம் என்றுதான் வந்தேன். வாடகையும் கொஞ்சம் தோதாக இருக்கிறது. ஊர்ப்பெயர் பழங்குடித் தலைவர் ஒருவருடையது. 1763இல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகை போட்டு வெள்ளைக்காரனை எதிர்த்தவர். நம்ம சங்ககிரிக்குத் தீரன் சின்னமலை எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில்தான் பான்டியாக் கார் வந்தது. 1926இல் ஆரம்பித்த பிராண்டு, 2010இல் மூடிவிட்டார்கள். ஊர் மட்டும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மீசைக்காரரைப் பற்றி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வயது 79, தனி ஆள். நான் எழுவதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்து வாரித் தள்ளிவிடுவார். பிறகு கதவைத் தட்டி, "உன்னால் என் இடுப்புப் போச்சு" என்று சண்டைக்கு வருவார். ஒருநாள் ரசம் கொடுத்தேன். சூப் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்து, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய, "இன்னும் இருக்கா?" என்றார். அதிலிருந்து சிநேகம்.

அவர் கராஜில் ஒரு கார் இருக்கிறது. பழைய பெட்ஷீட்டுகளைச் சேர்த்துத் தைத்த உறை போட்டு மூடியிருப்பார், இறந்துபோன மனைவி தைத்தது. உள்ளே 1966ஆம் வருஷத்து பான்டியாக் ஜி.டி.ஓ. இந்த ஊர் ஃபேக்டரியில் இவர் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், மூவாயிரம் டாலர் சொச்சம் கொடுத்துப் புதிதாக எடுத்தது. அன்றிலிருந்து ஒரே ஓனர். அடித்த பெயிண்ட், போட்ட சீட், இறக்கிய இன்ஜின் எல்லாம் ஃபேக்டரியில் வந்தது வந்தபடி. ஓடியது நாற்பத்தோராயிரம் மைல். போட்ட பெட்ரோலையெல்லாம் 1966இலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் சிவப்பு நோட்டை விட மூன்று மடங்கு தடிமன்.

இந்த மாதிரி வண்டிகளை மசில் கார் என்பார்கள். பயில்வான் வண்டி. நடுத்தர அளவு பாடிக்குள் பெரிய காரின் இன்ஜினைத் திணித்தது. இதில் ஒரு கூத்து உண்டு, மீசைக்காரர் வாராவாரம் சொல்லிச் சிரிப்பார். அந்த அளவு காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் சட்டம் போட்டிருந்ததாம். பான்டியாக்கில் ஜான் டெலோரியன் என்று ஒரு சீஃப் இன்ஜினியர். சட்டம் புது மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே என்று ஓட்டை கண்டுபிடித்து, 1964இல் டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல இன்ஜினை ஜி.டி.ஓ. என்ற பெயரில் ஆப்ஷனாகவே விற்றுவிட்டார். ஐயாயிரம் போனால் பெரிசு என்று விற்பனைப் பிரிவு நினைத்தது. முதல் வருஷமே 32,450 போயிற்று. 1966இல் தொண்ணூற்றாறாயிரத்துக்கும் மேல். அந்த வருஷம்தான் ஆப்ஷன் என்ற வேஷத்தைக் கலைத்துத் தனி மாடலாக்கினார்கள்.

உங்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 389 கன அங்குலம் என்றால் சுமார் 6,375 சி.சி. நம்ம அம்பாசடர் 1489 சி.சி. நாலு அம்பாசடர் இன்ஜினைச் சேர்த்தாலும் இதற்கு எட்டாது, இன்னும் நானூறு சி.சி. பாக்கி இருக்கும். பக்கவாட்டில் 6.5 லிட்டர் என்று பெருமையாக பேட்ஜ் வேறு. உண்மையில் 6.4 கூட முழுசாக வராது! 335 குதிரைச் சக்தி, நாலு கியர், அத்தனை வேகத்துக்கும் நாலு வீலிலும் டிரம் பிரேக்தான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஃபேக்டரிக்காரனைத் திட்டியிருப்பீர்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம் என்று நோட்டே சொல்கிறது. அதற்கெல்லாம் கவலைப்பட்ட ஆளில்லை. இளவயதில் வுட்வர்ட் அவென்யூவில் ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டியோடு பந்தயம் விட்டவர்.

அம்பத்தொன்பது வருஷம் வண்டி பிழைத்ததற்குக் காரணம், குளிர்காலத்தில் வெளியே எடுக்காததுதான். பனி உருக இங்கே ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்காரர்கள் ஆயிரம் அடி போட்டால் புகைதான் வரும், இவர்களுக்கு உப்பு வருகிறது. அது சக்கரத்து வளைவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு தகரத்தை வடையாக்கிவிடும். என் வண்டிக்கு இரண்டே குளிர்காலம், கதவுக்குக் கீழே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது விற்கிறார். மகன் டெக்சாஸில், வேண்டாம் என்றுவிட்டானாம். கண் சரியில்லை, கிளட்ச் மிதிக்க முட்டியும் ஒத்துழைக்கவில்லை. விளம்பரம் எழுத, போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டார். மூன்று சனிக்கிழமை அதிலேயே போயிற்று. நல்லதை எழுதும் முன்னே குறையை எழுது என்றார். பின் பம்பர் குரோமில் புள்ளி விழுந்திருப்பது, டிரைவர் சீட் தையல் இரண்டு அங்குலம் விட்டிருப்பது, கடிகாரம் ஓடாதது, எல்லாம். இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எழுத்தைப் போட்டோ எடுக்க டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விலகிவிட்டது போல. "வெளிச்சம் எனக்கா, உன் மூஞ்சிக்கா?" என்று ஒரு அதட்டு.

அப்பா, வார்த்தை மாறாமல் உங்கள் வசனம். ஒர்க் ஷாப்பில் பள்ளத்துக்குள் இறங்கி நின்று என்னை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். நான் டார்ச்சைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் திட்டியதே இல்லை. ஆபீசில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள், கடையில் நன்றி சொல்வார்கள். வெள்ளி சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை வரை என் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. சரி, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வந்து பார்த்தவர்களைச் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் ஒரு பையன் வந்தான். பெயிண்டை உரித்துக் கறுப்பு அடித்து, புது இன்ஜின் இறக்குவேன் என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் மீசைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். அடுத்து ஓஹாயோவிலிருந்து வயதான புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மா பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்துப் பின்சக்கரம் பக்கமெல்லாம் வைத்துப் பார்த்தது, எங்கேயாவது பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாதே. அவர் ஈரத் தரையில் மல்லாக்கப் படுத்து அடியில் போய்விட்டார். சேஸ் எண் 242 என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்தார். அந்த வருஷம் அசல் ஜி.டி.ஓ.வுக்குத்தான் அது வரும், அதே பாடியில் வந்த சாதா லெமான்ஸ் வண்டிக்கு ஜி.டி.ஓ. வேஷம் போட்டிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். பிளாக்கில் WT என்ற இன்ஜின் குறியீட்டையும் படித்தார். முக்கால் மணி நேரம் விலைப் பேச்சே இல்லை. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு ஒரே கேள்வி: "இதுக்கு எப்பவாவது மறுபெயிண்ட் அடிச்சிருக்கா?" இல்லை என்றார் இவர். அந்த ஆள் தொப்பியைக் கழற்றினார்.

விலையைச் சொன்னால் அம்மா சொம்பைக் கீழே போட்டுவிடும். பளபளவென்று பெயிண்ட் அடித்து, புது சீட் போட்ட வண்டிகள் நிறைய வருகின்றன. பெயிண்ட் யார் வேண்டுமானாலும் எத்தனை முறையும் அடிக்கலாம், ஒரிஜினலாக இருப்பது ஒரு தடவைதான் என்று சொல்கிறார்கள். கை படாத வண்டிக்குத்தான் இவர்கள் ஓஹாயோவிலிருந்து வருகிறார்கள்.

அதனால் அப்பா, அம்பாசடரை ஓமலூர்ப் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும், அதில் சீரை முடித்துவிடலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரமம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. 1972 மார்க் 2. சுற்றுப்பட்டில் எல்லா அம்பாசடருக்கும் டீசல் இன்ஜின் மாற்றினபோது நீங்கள் மட்டும் மாட்டேன் என்று நின்றீர்கள், பெரியப்பா கேலி பேசினார். பிறந்த இன்ஜின் அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங் கியர் இருக்கிறது. சேலத்து டாக்டர் கொடுத்த முதல் ஆர்.சி. புத்தகம் பீரோவில் இருக்கிறது. டிரைவர் கதவு மேல் உங்கள் முழங்கை தேய்த்துத் தகரம் தெரிகிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, வெள்ளை அடித்துவிட்டால் அது கல்யாண மண்டப வாடகைக் கார்தான். அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், கோபப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சீருக்குப் பணம் நான் அனுப்புகிறேன். தாய்மாமன் நான், வர முடியவில்லை என்றால் அதையாவது செய்ய வேண்டாமா? கம்பெனியில் எலக்ட்ரிக் வண்டி வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இரண்டு மாதமாகத் தொகை குறைந்தது, வேறொன்றும் இல்லை. வண்டி விற்றால் எனக்கு ஏதோ தருவதாக மீசைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை சொன்னபோது பேசாமல் இருந்தேன். ஓஹாயோக்காரர்கள் ஈஸ்டர் கழித்துப் பதில் சொல்வார்கள். வைகாசி முதல் வாரத்துக்குள் பணம் அக்கா கணக்குக்கு வந்துவிடும். பட்டுப்புடவையை அக்காவே எடுக்கட்டும், மச்சானை அனுப்பினால் ஊதா நிறத்தில்தான் எடுப்பார். பச்சை ஓலையை எனக்குப் பதில் அண்ணன் கட்டட்டும். பாப்பாவிடம் நான் பேசுகிறேன்.

உங்கள் இடது கண் ஆபரேஷனைச் சீருக்கு அப்புறம் என்று தள்ளாதீர்கள். கிணற்று மேட்டுப் பட்டா விஷயத்தில் சின்ன மாமா கேட்டால், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், எதிலும் நீங்கள் போட வேண்டாம்.

அம்பாசடர் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் அண்ணனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டார்ச்சை மட்டும் நீங்கள் பிடியுங்கள், அவன் நேராகப் பிடிக்க மாட்டான்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்