ஆண்டறிக்கை: தண்ணி, டேங்கர், அப்புறம் ஒரு பழைய மேயர்

நம்ம குடியிருப்போர் சங்கத்துல எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு திட்டு வாங்கினதால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ரோடு, தெரு லைட், குப்பை வண்டி மூணும் அப்படியேதான் இருக்கு, மனு குடுத்துட்டே இருக்கோம்.

இந்த வருஷம் உருப்படியா நடந்தது, சென்னைக்குத் தண்ணி குடுக்கற பூண்டி ஏரிக்குப் போன ட்ரிப்தான். மே மாசம் சம்ப் காஞ்சு போய் டேங்கருக்கு ரெண்டு நாளா காத்துக்கிட்டு இருந்தப்ப வாட்ஸ்ஆப் குரூப்ல ஆளாளுக்கு மேயர திட்ட ஆரம்பிச்சாங்க இல்லையா, அப்ப நம்ம பெரியவர் ஒருத்தர் "பூண்டி ஏரிக்கு அடி போட்டவரும் ஒரு மேயர்தாம்பா, போய் பாத்துட்டு வாங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டார், அதுல ரோஷம் வந்து வேன் புடிச்சு கிளம்பினதுதான்.

அந்த மேயர்தான் தீரர் சத்தியமூர்த்தி. நம்மள்ல பாதி பேருக்கு அது காங்கிரஸ் ஆபீஸ் பேரு, மிச்ச பேருக்கு காமராஜரோட குரு. 1887ல திருமயத்துல பொறந்தவர், வக்கீல், மேடைப் பேச்சுல புலி, நாடகத்துல வேற நடிச்சிருக்கார். 1939ல மெட்ராஸ் மேயர் ஆனார். அப்பல்லாம் மேயர் பதவி ஒரே ஒரு வருஷம்தான், அதுவும் கவுன்சிலருங்க ஓட்டு போட்டு எடுக்கறது. உலகப் போர் ஆரம்பிச்சாச்சு, காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா பண்ணியாச்சு, ஊர்ல தண்ணிக்கு அடிதடி. இவ்ளோத்துக்கும் நடுவுல கொசஸ்தலை ஆத்துல அணை கட்டியே ஆகணும்னு நின்னு, 1940 ஆகஸ்ட்ல வெள்ளக்கார கவர்னர் ஆர்தர் ஹோப் கையாலயே அடிக்கல் நாட்ட வச்சுட்டார். ஒரு வருஷ பதவில! நாம ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு மூணு வருஷமா அலையறோம்.

அணை முடிஞ்சது 1944ல. அவர் அத பாக்கல. 1942 போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் உடம்பு கெட்டு 1943 மார்ச்ல போயிட்டார். இப்ப ஏரிக்கு அவர் பேருதான், 3,231 மில்லியன் கன அடி புடிக்கும், 1996ல இருந்து கிருஷ்ணா தண்ணியும் அங்கதான் வந்து சேருது.

திரும்பி வர்றப்ப வேன்லயே நம்ம மேடம் ஒருத்தங்க, "முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைய ஒழிக்கப் பாடுபட்டப்ப எதிர்த்துப் பேசினவரும் இதே சத்தியமூர்த்திதான், அதையும் அறிக்கைல போடுங்க"ன்னாங்க. நியாயம்தான், போட்டாச்சு.

வேன் வாடகைய சங்கக் கணக்குல எழுதலாமா கூடாதான்னு பொருளாளருக்கும் எனக்கும் இன்னும் தகராறு ஓடுது. அத இந்தக் கூட்டத்துலயே கை தூக்கி முடிச்சுக்குவோம், அப்புறம் சுண்டல்.