பாப்பா எந்த குரூப் எடுக்கப் போகிறாள்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, விஷயம் எங்கேயோ போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் மகள் பாப்பா பத்தாம் வகுப்பில் 500-க்கு 471 வாங்கியிருக்கிறாள். இத்தனை மார்க் வாங்கிவிட்டு யாராவது காமர்ஸ் எடுப்பார்களா என்று கேட்டாய். பயோ-மேத்ஸ் எடுக்கட்டும், டாக்டர், இன்ஜினியர் ரெண்டு வழியும் திறந்திருக்கும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாய். நீ அவள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்த ரெண்டு வழியையும் கிட்டத்தில் பார்த்தவள்.

நீட்டில் மொத்தம் 720 மார்க். அதில் பாதி, 360, உயிரியலுக்கு. கணிதத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அங்கே உயிரியல் கணக்கிலேயே வராது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடத்தை ரெண்டு வருஷம் கூடுதலாகச் சுமக்க வேண்டும். ரெண்டும் பிடித்த பிள்ளைக்கு அது சுமையே இல்லை, சந்தோஷமாகப் படிப்பார்கள். முடிவைத் தள்ளிப்போடுவதற்காக எடுக்கிற பிள்ளைகள்தான் பிளஸ் டூவில் பாதி வருஷம் போனதும் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். அப்போது குரூப் மாற்றவும் முடியாது.

சரி, பாப்பாவுக்கு என்னதான் பிடிக்கிறது? நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டும் வங்கி பாஸ்புக்கும் ஒத்துப்போகவில்லை. நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் கூட்டிக் கூட்டிப் பார்த்துச் சலித்துவிட்டோம். அவள் ரெண்டையும் வாங்கித் தரையில் விரித்து வைத்து, பென்சிலால் வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே வந்தாள். டிக் விழாத வரிகள் மட்டும் மிஞ்சின. வங்கி பிடித்த கட்டணம் எங்கள் நோட்டில் ஏறவில்லை. வங்கி போட்ட வட்டியும் ஏறவில்லை. ரெண்டையும் எழுதியதும் கணக்கு நேராகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை, தம்பி.

மறுநாள் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் பாடத்தைத் திறந்து காட்டினேன். “இதைத்தானே பாட்டி நேத்து செஞ்சேன்?” என்றாள். அதிலிருந்து அந்தப் புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது. இரட்டைப் பதிவு முறையைத் தானாகவே படித்துவிட்டு வந்து, பற்று எது, வரவு எது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். இயற்பியல் புத்தகத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாது என்று. முதல் ரெண்டு பாடம் படித்தாள், கணக்குகளையும் சரியாகப் போட்டாள். ஆனால் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காமர்ஸ் எடுத்தால் மூடும் கதவுகளை அவளிடம் மறைக்கவில்லை. மருத்துவம், இன்ஜினியரிங், பார்மசி போய்விடும். முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதினால் ராணுவப் பிரிவுக்குப் போகலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் காமர்ஸ் என்கிறாள். தோழிகளுக்காகவா என்றும் விசாரித்தேன். அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் போகிறார்கள்.

திறக்கும் கதவுகளும் சின்னவை இல்லை. சட்டம் படிக்கலாம், பொருளாதாரம் படிக்கலாம். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதலாம், அதில் வணிகவியலையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். அவள் மனதில் இருப்பது சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பு. அதன் முதல் தேர்வான ஃபவுண்டேஷனில் நாலு தாள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அப்புறம் இன்டர்மீடியட், ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் ரெண்டு வருஷம், ஃபைனல். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே திணறுகிற படிப்பு அது. மார்க் குறைந்தவர்கள்தான் காமர்ஸ் எடுப்பார்கள் என்று நம் சொந்தக்காரர்கள் அவள் காதுபடப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. 471 வாங்கிய பிள்ளை அங்கே போவதில் என்ன வீண்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காமர்ஸ், கணக்குப்பதிவியல், பொருளாதாரத்தோடு நாலாவது பாடமாகச் சில பள்ளிகளில் கணினிப் பயன்பாடுகள் கொடுக்கிறார்கள், சில பள்ளிகளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும். அவள் வணிகக் கணிதம்தான் எடுக்க வேண்டும். ஃபவுண்டேஷனில் ஒரு தாள் முழுக்கக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும்தான். நாளைக்குப் பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டாலும் கணிதம் இல்லாமல் பல இடங்களில் சேர்க்க மாட்டார்கள். கம்ப்யூட்டரை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். விட்ட கணிதத்தைப் பிறகு பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அவள் படிக்கும் பள்ளியில் வணிகக் கணிதம் இல்லை. பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள அரசு மேல்நிலைப்பள்ளியில் இருக்கிறது. தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்தேன், சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பஸ் பாஸ் இலவசம். ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் சம்மதிக்காமல் டி.சி. வாங்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீயே அவளுக்குப் போன் போடு. முதலில் எந்த குரூப் என்று கேட்காதே. அந்தக் கணக்கு நோட்டை எப்படிச் சரி செய்தாய் என்று கேள். அவள் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் உன் பயம் என்னவோ அதையும் அவளிடமே சொல், பதில் அவளிடம் இருக்கும். அதற்குப் பிறகும் பயோ-மேத்ஸ்தான் என்று உனக்குத் தோன்றினால் எனக்குச் சொல், உட்கார்ந்து பேசுவோம். புதன்கிழமைக்குள் பள்ளியில் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா