ஜெயந்திக்கு, மாணவர்களுக்குச் சொல்லித்தருவது பற்றி

அன்புள்ள ஜெயந்தி,

உன் கடிதம் வந்தது. ராமநாதபுரத்தில் வீடு அமைந்து, அம்மாவும் உன்னோடு வந்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற செய்திகளைப் போனில் பேசிக்கொள்வோம். நீ கேட்ட விஷயத்துக்கு நேரே வருகிறேன். புது மனநலத் துறை, ஆள் குறைவு, மாணவர் பேட்ச் வரத் தொடங்கிவிட்டது, நாளை மேற்படிப்பு மாணவர்களான பி.ஜி.க்களும் வருவார்கள். எதை முதலில் பிடிப்பது என்று கேட்டிருக்கிறாய்.

மாணவர் நோயாளியிடம் பேசும்போது நீயோ உன் உதவிப் பேராசிரியரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் முதலில் பிடிக்கச் சொல்வேன். நம் துறையில் பரிசோதனைக் கருவியே பேச்சு. ஒரு சர்ஜரி பி.ஜி. யாரும் பார்க்காமல் தையல் போட்டுவிட்டு வந்து "நன்றாகப் போட்டிருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் எந்தப் பேராசிரியரும் ஏற்கமாட்டார். நாம் மட்டும் கேஸ் ஷீட்டை வாசிக்கச் சொல்லி அதற்கு மார்க் போடுகிறோம். எந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை, எந்தப் பதில் பாதியில் வெட்டப்பட்டது, மாமியாரை நிற்கவைத்துக்கொண்டே மருமகளிடம் என்ன கேட்கப்பட்டது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் தெரியாது.

செய்வது எளிது. 15 நிமிடம் பார்க்க வேண்டும், 5 நிமிடம் பேச வேண்டும். நோயாளியின் பார்வை உன் பக்கம் திரும்பாதபடி, மாணவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார். ஆபத்து என்றால் தவிர நடுவில் வாய் திறக்காதே. திறந்தால் அந்த நொடியிலிருந்து நோயாளி உன்னிடம்தான் பேசுவார். முடிந்ததும் வெளியே அழைத்துப் போய், சரியாக இருந்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று, இரண்டை மட்டும் சொல். ஏழெட்டு சொன்னால் எதுவும் தங்காது. "ராப்போ (நோயாளியோடு இணக்கம்) பற்றாது" என்று சொல்லாதே. "அவர் மகன் இறந்ததைச் சொன்னபோது நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்" என்று நடந்ததைச் சொல்.

இதோடு ஒரு விதியும் வை. நோயாளி சொன்னதை முதலில் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும், அறிகுறியின் பெயர் அதற்குப் பிறகுதான். "காதில் குரல் கேட்கிறது" என்று மட்டும் எழுதிவந்தால் திருப்பி அனுப்பு. விழித்திருக்கும்போதா தூக்கம் பிடிக்கிற நேரத்திலா, ஒரு குரலா பலவா, அவரிடம் பேசுகிறதா அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசுகிறதா, ஏதாவது செய்யச் சொல்கிறதா, சொன்னபடி செய்திருக்கிறாரா? இவ்வளவும் தெரிந்தபிறகுதான் அது அறிகுறி.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் உன் வார்டில் நிற்பது மொத்தமே சில வாரம், ஹவுஸ் சர்ஜனாக இன்னும் இரண்டு வாரம். தனித் தேர்வும் கிடையாது. பொது மருத்துவத்தில் ஒரு மூலைதான். அதனால் மனநோய் வகைப்பாடு முழுவதையும் நடத்த முயலாதே. இவர்களில் பெரும்பாலோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேஷுவாலிட்டியிலோ தனியாக நிற்கப் போகிறவர்கள். அங்கே தேவைப்படுவதை மட்டும் கைப்பழக்கமாக்கு.

முதல் நாள் காட்டும் நோயாளி முக்கியம். நீண்டகாலமாக வார்டில் இருப்பவரைக் காட்டித் தொடங்கினால், மனச்சிதைவு என்றாலே குணமாகாது என்ற எண்ணம் கடைசிவரை போகாது. மோசமானவர்களே வார்டில் தங்குகிறார்கள், தேறியவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் இந்த மயக்கம். ஓ.பி.யில் மாத்திரை வாங்க வந்து, அன்றே வேலைக்குத் திரும்புகிறவரை அவர் சம்மதத்தோடு முதலில் உட்காரவை. சென்னையில் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப்காரர்கள், முதல் முறையாக நோய் கண்ட 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. அதையும் அன்றே சொல்லிவிடு.

அடுத்தது தற்கொலை எண்ணத்தைக் கேட்பது. மாணவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் கேள்வியிலேயே இருக்கிறது. கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயமும் உண்டு. அது தவறு என்று தெளிவாகச் சொல். படிப்படியாக, வாய்விட்டுப் பழக வேண்டும்: "இருந்து என்ன பிரயோசனம்னு தோணுதா?", "செத்துப்போயிடலாம்னு நினைப்பு வந்துச்சா?", "எப்படின்னு யோசிச்சீங்களா?", "அதுக்கு ஏதாவது வாங்கி வெச்சிருக்கீங்களா?", "இதுக்கு முன்னாடி முயற்சி செஞ்சிருக்கீங்களா?", "எது உங்களைத் தடுத்துச்சு?" இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் நோயாளியாக நடிக்கட்டும். நாக்கு கூசாமல் அந்த வார்த்தை வரும்வரை விடாதே. உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதும் பாடத்தின் பகுதி.

கேட்டபிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல். நம் கிராமங்களில் பூச்சிமருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை வீட்டைவிட்டு அகற்றுவது யார் பொறுப்பு என்று பெயரோடு எழுத வேண்டும். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காமல், வீட்டில் ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஒரு மாதத்துக்கு மொத்தமாகப் போனால், அதுவே உயிரை எடுக்கப் போதும். இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுத்துவிடும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

பூச்சிமருந்து குடித்துத் தப்பியவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்றாம் நாள் மெடிக்கல் வார்டிலிருந்து "சைக்கோசிஸ், வந்து பாருங்கள்" என்று அழைப்பு வரும். போனால் அவர் போர்வையைக் கிள்ளிக்கொண்டு, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருப்பார். கண்மணி விரிந்து, தோல் உலர்ந்து, காய்ச்சலும் வேகமான நாடியும் இருந்து, குடல் ஓசை குறைந்திருந்தால் அது விஷமுறிவுக்குப் போட்ட அட்ரோபின் அதிகமானதால் வந்த சித்தப்பிரமை (டெலிரியம்), அதாவது உடல் காரணத்தால் வரும் திடீர்க் குழப்பம். அளவைக் குறைப்பது பற்றி மெடிசின் யூனிட்டிடம் பேச வேண்டும். அமைதிப்படுத்த புரோமெதசின் போட்டால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதுவும் அதே திசையில் வேலை செய்யும் மருந்து. இந்த ஒரு கேஸை ஒழுங்காகச் சொல்லித்தந்தால், திடீர்க் குழப்பத்தோடு வருகிற எவரையும் மனநோய் என்று முத்திரை குத்தும் முன் சர்க்கரை, ஆக்சிஜன், சோடியம், உடல் வெப்பம் பார்க்கும் பழக்கம் தானாக வரும். நாற்பதைத் தாண்டியவருக்கு முதல் முறையாக வருகிறது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, காலையில் தெளிவு மாலையில் குழப்பம் என்றால் உடல் காரணத்தைத் தேடு என்று சொல்.

குடியும் அப்படித்தான். கால் முறிந்து ஆர்த்தோவில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். கடைசியாக எப்போது குடித்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நடுக்கம் பெரும்பாலும் முதல் நாளில், வலிப்பு முதல் இரண்டு நாளில், சித்தப்பிரமை இரண்டு முதல் நான்கு நாளில் என்ற கால அட்டவணை மாணவர் விரல்நுனியில் இருக்க வேண்டும். மருந்து டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது, வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் (வைட்டமின் பி1) முந்திப் போக வேண்டும், அதுவும் ஊசியாக. குடிப்பவர் குடலில் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.

மனநிலைப் பரிசோதனையில், பள்ளிக்கூடம் போகாதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, "கவனம் குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். வாரநாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தைந்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி என்ன என்று கேட்கலாம். தேதி தெரியாவிட்டால் தமிழ் மாதம், சந்தைநாள், போன பண்டிகை.

பி.ஜி.க்கள் வந்ததும் முதல் ஆறு மாதத்தில் இரவு டியூட்டிக்கு அவர்களைத் தயார்செய். கொந்தளிப்போடு வருபவருக்கு ஹாலோபெரிடாலோடு புரோமெதசின் சேர்த்துப் போடுவதை நாம் வழக்கமாகச் செய்கிறோம். அதற்கு நல்ல சான்று தந்த ஆய்வுகளில் ஒன்று வேலூர் சி.எம்.சி.யில் 200 பேரிடம் நடந்தது, 2004-இல் வெளிவந்தது. லோரசெபாமும் அமைதிப்படுத்தியது, ஆனால் இந்தச் சேர்க்கை இன்னும் விரைவாக வேலை செய்தது. நம் மாநிலத்து வார்டில் பிறந்த சான்று இது என்று பி.ஜி.க்களுக்குத் தெரியட்டும். ஊசி போட்டபின் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்ப்பதுதான் விட்டுப்போகிறது. பிடிக்க வேண்டிவந்தால் கை, காலுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர் என்று ஐந்து பேர். தலைப்பக்கம் நிற்பவர் மட்டும் பேச வேண்டும். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு நிற்கும். டயசெபாமைத் தசையில் போடாதே. உறிஞ்சுவது சீராக இருக்காது.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தைப் பிரிவு எண்ணாக மனப்பாடம் செய்யவைக்காதே, ஒவ்வொரு அட்மிஷனிலும் கையால் செய்யவை. சம்மதிக்கும் திறன் இருக்கிறதா என்று பதிவுசெய்வது, நோயாளி தன் சார்பில் பேச நியமித்த பிரதிநிதி யார் என்று கேட்பது, 89-ஆம் பிரிவில் (அந்தப் பிரதிநிதி கேட்டதன்பேரில்) சேர்த்தால் 30 நாள் வரம்பு, பெண்ணோ சிறாரோ என்றால் மூன்று நாளுக்குள்ளும் மற்றவர்களுக்கு ஏழு நாளுக்குள்ளும் மறுஆய்வுக் குழுவுக்கு அறிக்கை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கூடாது என்பதும் இதே சட்டம்தான்.

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியம் பற்றி உங்கள் ஊர் வெயிலில் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். வியர்வை, வயிற்றுப்போக்கு, முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், இந்த மூன்றும் அளவை ஏற்றும். மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினில் எல்லோரும் வெள்ளணு குறைகிறதா என்று பார்க்கிறார்கள், மலச்சிக்கலைக் கேட்பதில்லை; அதுவும் உயிரைக் குடிக்கும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராமல் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும்.

உளச்சிகிச்சைப் பயிற்சி எல்லா இடத்திலும் நலிந்திருக்கிறது. நோயாளியின் எழுத்துச் சம்மதத்தோடு அமர்வை ஒலிப்பதிவு செய்து, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதில் பத்து நிமிடப் பகுதியை மட்டும் சேர்ந்து கேள். நினைவிலிருந்து சொல்லும் பி.ஜி. தான் சொல்ல நினைத்ததைச் சொல்வார். சொன்னது பதிவில் இருக்கும்.

இன்னொன்று, அவர்கள் பார்த்துவந்த நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால். இது எந்தத் துறையிலும் ஒருநாள் வரும். அன்றே அந்த பி.ஜி.யோடு தனியாக உட்கார், அன்றிரவு டியூட்டியை மாற்றிப் போடு, குடும்பத்தைச் சந்திக்க அவரைத் தனியாக அனுப்பாமல் நீயும் போ. கேஸை ஆராய்வது ஒரு வாரம் கழித்து, துறை முழுவதும் சேர்ந்து. யார் தவறு என்று அன்றே கேட்டால், அதற்குப் பிறகு ஆபத்தான நோயாளியைத் தொடவே பயப்படுவார்.

மனநோயாளிகளைக் குடும்பங்கள் அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடி உன் மாவட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த ஊர். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது தர்காவைக் குறைசொல்ல வைக்காதே. வந்திருக்கும் குடும்பங்களிடம் மூன்று விஷயம் கேட்கட்டும்: முதலில் யாரிடம் காட்டினீர்கள், எதனால் நிறுத்தினீர்கள், இங்கே வந்துபோக எவ்வளவு செலவு. பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போய்விட்டு, மாத்திரை தீர்ந்தபின் அங்கே வந்தவர்கள் இருப்பார்கள். மாத்திரை ஏன் நின்றது என்ற பதில் எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. வேலூரில் 1950-களிலிருந்தே குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைக்கிறார்கள். உன் வார்டிலும் கூடத் தங்கும் குடும்பத்தாருக்கு ஒரு கட்டில் போட இடம் கேட்டு வாங்கு. மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே திட்டும் அம்மாவை பி.ஜி. நேரில் பார்க்கட்டும்.

15 நிமிடம் பார்த்துக் குறிக்கும் தாளை இதோடு வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். தற்கொலைக் கேள்விகளை உங்கள் பக்கத்துப் பேச்சுக்கு மாற்றிவிட்டு எனக்கும் ஒரு படி அனுப்பு. மீனவக் கிராமங்களில் எப்படிக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுபா